மண்ணுள் மறைந்த கல்வழி

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய சவ்வாது மலை, தமிழ்நாட்டின் வடபகுதியில் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கின்றது. செய்யாறு இம்மலையிலே பிறந்து கீழ்நாட்டு வயல்களை நோக்கி ஓடுகின்றது. மலைமேல் உள்ள ஊர்களுள் ஜமுனாமரத்தூர் யாவரும் அறிந்தது. மற்றொரு பக்கத்தில் உள்ள காவலூரில் விண்மீன்களை ஆராயும் நிலையம் ஒன்று உண்டு. அங்கே 1986ஆம் ஆண்டில் 2.34 மீட்டர் குறுக்களவுடைய பெருந்தொலைநோக்கி நிறுவப்பெற்றது. மலையில் தொன்றுதொட்டு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர் என்பதே இதன் பொருள் என்பர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று இம்மக்கள் வழிவழியாகக் கூறுகின்றனர். சாமை விளைத்தலும், பலா, புளி, தேன் முதலியவற்றைத் திரட்டிக் கீழிறக்கி விற்றலும் அவர்தம் தொழில்கள்.

இம்மலையூர்களின் பழைய வீடுகள் மண்சுவரால் எழுப்பப்பட்டவை. முன்னாளில் கூரை புல்லால் வேயப்பட்டிருந்தது. இந்நாளில் பல வீடுகள் ஓடும் தளமும் பெற்றுவிட்டன. சரிவான நிலமாதலின், தெரு ஓரிடத்தில் உயர்ந்தும் வீடு அதற்குக் கீழே தாழ்ந்தும் இருப்பது இங்கே இயல்பு. அவ்வாறு அமைந்த வீடு ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளலாம். தெருவோரத்தில் மூங்கிற்படல். படலிலிருந்து திண்ணை வரையில் நாற்பது அடித் தொலைவு. இடையே சிறு தோட்டம். ஒரு பக்கம் அவரைப் பந்தல், மறுபக்கம் முதிர்ந்த பலாமரம். படலைத் திறந்து வருவோர் ஈரமண்ணில் கால் பதித்து இறங்கியே வீட்டை அடைதல் வேண்டும். ஒரு காலத்தில் அங்கே கல் பாவிய வழி இருந்தது. இப்பொழுது ஆங்காங்கே இரண்டொரு கற்களின் முதுகு மட்டுமே புல்லிடையே தோன்றுகின்றது.

ஐப்பசி மாதத்து அடைமழையின்போது அவ்வீட்டு மூதாட்டி அவ்வழியில் வழுக்கி வீழ்ந்தார். கைம்மணிக்கட்டு வீங்கிற்று. அன்றே வேறொன்றும் கண்டறியப்பட்டது. தெருவிலிருந்து இறங்கிய மழைநீர் வேறு வழி காணாது நடைவழியையே ஓடையாகக் கொண்டு, நேரே வந்து திண்ணையின் அடியில் தேங்கிக் கிடந்தது. சுவரின் அடிப்பூச்சு ஊறி உதிர்ந்திருந்தது. மண்சுவருக்கு நீரே பெரும்பகை. உலர்ந்திருக்கும் வரையில் அது நூறாண்டும் நிற்கும். அடி நனைந்தால் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி, தன் சுமையைத் தானே தாங்கமாட்டாமல் ஒருநாள் சரிந்துவிடும்.

"இவ்வழி முழுவதையும் சிமெண்டு கொட்டி மூடிவிட்டால் தொல்லை தீரும்" என்றார் வீட்டுத் தலைவர்.

"மூடுவதற்கு முன் தோண்டிப் பாரப்பா. உன் தகப்பனார் பாவிய கல் கீழேதான் இருக்கின்றது. அதை யாரும் பெயர்த்துச் சென்றதை நான் கண்டதில்லை" என்றார் மூதாட்டி.

அருகில் நின்ற பேரன் சிரித்தான். "கல்லுக்குக் கால் உண்டா, ஆயா? தானே எழுந்து மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளுமா?" என்று கேட்டான்.

"எப்படிப் போயிற்று என்று நான் அறியேன், கண்ணு. எங்கே இருக்கின்றது என்பது மட்டும் தெரியும்" என்று அவர் விடையளித்தார்.

பேரன் கடப்பாரையை எடுத்துவந்து, புல்தரையில் அடிக்கு ஓரிடமாக மெல்லக் குத்திப் பார்த்தான். நான்காம் குத்திலேயே கணீரென்று ஒலி எழுந்தது. இரண்டு விரற்கடை ஆழத்தில் கல் இருந்தது. அதன் அருகே மற்றொன்று; அதனை அடுத்து வேறொன்று. மாலைக்குள் நாற்பது அடி வழியும் தரைமேல் வரிசையாக நட்ட குச்சிகளால் புலனாயிற்று. கற்களுள் ஒன்றேனும் காணாமற் போகவில்லை.

பேரன் கேட்ட கேள்வி நகைப்புக்கு உரியதன்று. அதே கேள்வியை உலகம் போற்றும் அறிஞர் ஒருவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதி எண்ணிக்கொண்டிருந்தார். அவர் சார்லஸ் டார்வின். உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய அவருடைய கொள்கையை எல்லோரும் அறிவர். அவர் தம் வீட்டுத் தோட்டத்து நடைவழியை ஆராய்ந்த செய்தியை அறிந்தோர் சிலரே. இங்கிலாந்தில் கென்ட் என்னும் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் ஒன்றில் டார்வின் 1842ஆம் ஆண்டில் குடியேறினார். மறு ஆண்டில், வீட்டுப் புல்தரையின் குறுக்கே ஒடுங்கிய வழி ஒன்று சிறு பலகைக் கற்களால் பாவப்பட்டது. கற்களின் இடுக்குகளில் மண்புழுக்கள் எச்சமண்ணைக் குவித்தன, களையும் செழித்தது. தோட்டக்காரர் பல ஆண்டுகள் களை பறித்தும் பெருக்கியும் வந்தார். முடிவில் புழுவும் களையுமே வென்றன. அவர் பெருக்குவதை நிறுத்திவிட்டு, புல் வெட்டும்போது களையையும் சேர்த்து வெட்டுவதோடு அமைந்தார். சில ஆண்டுகளில் அங்கே வழி ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லாமற் போயிற்று. 1877இல் டார்வின் மேற்புல்லை நீக்கிப் பார்த்தபோது, கற்கள் யாவும் வைத்த இடம் மாறாமல், ஓர் அங்குலக் கனமுள்ள நுண்மண்ணின் அடியில் கிடந்தன!

இதன் காரணத்தை அவர் 1881இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். அவர் எழுதிய நூல்களுள் இறுதியானது அதுவே. அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். மண்புழு நிலத்தின் உள்ளே மண்ணை விழுங்குகின்றது. அதிலுள்ள மக்கிய பொருளைச் செரித்தபின், எஞ்சிய மண்ணை மேலே கொண்டுவந்து குருணை குருணையாகக் கழிக்கின்றது. இவ்வாறு கல்லின் அடியிலுள்ள மண் சிறிது சிறிதாக மேலே வந்து சேர, கல் தாழ்கின்றது. அதனைச் சுற்றியுள்ள தரை உயர்கின்றது. கல் நடந்து போகவில்லை; மண்தான் கீழிருந்து மேலே ஏறியது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஓராண்டில் பத்து டன் எடைக்கு மேற்பட்ட உலர்மண் புழுக்களின் உடல் வழியாக மேலே வருகின்றது என்று டார்வின் கணக்கிட்டார். ஸ்டோன்ஹெஞ்சு என்னும் இடத்தில் பழங்காலத்தார் நிறுத்திய பெருங்கற்களுள் விழுந்து கிடந்தவையும் ஓரளவு மண்ணுள் தாழ்ந்திருந்ததை அவர் நேரிற் சென்று அளந்தார். நம் நாட்டு நீலகிரியில் ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து அவருக்கு அனுப்பப்பட்ட புழு எச்சங்களுள் மிகப் பெரியது நான்கு அவுன்சுக்கு மேல் எடை இருந்ததாம்! ஆங்கில நாட்டுப் புழுக்கள் அத்துணை உழைப்பாளிகள் அல்ல போலும்.

தமிழில் மண்புழுவுக்கு நாங்கூழ் என்னும் அழகிய பெயர் உண்டு. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இயற்றி 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் என்னும் நாடகத்தில், நடராசன் என்பான் நாங்கூழ்ப் புழுவின் ஓயா உழைப்பை வியந்து பேசும் பகுதி உள்ளது. டார்வினுடைய நூல் வெளிவந்து பத்தே ஆண்டுகள் கழிந்திருந்தன என்பது நினைக்கத் தக்கது.

சவ்வாது மலையின் கல்வழியைப் புழு மட்டும் புதைத்தது என்று கூறிவிடல் பொருந்தாது. சரிவான நிலத்தில் மழைநீர் மேட்டுமண்ணைக் கரைத்துவந்து வழியின்மேல் பரப்பும். பலாவின் சருகு ஆண்டுதோறும் உதிர்ந்து மக்கும். கறையானும் தன் பங்குக்கு மண்ணை மேலேற்றும். பெருக்குமாற்றின் வருகை குறைந்த நாள் முதலாக இவையனைத்தும் கூடி வேலை செய்தன. ஆகவே கற்கள் கெட்டுப் போகவில்லை, கவனிப்பே கெட்டது. மூடிய மண்ணை நீக்கினால் வழி மீண்டும் கிடைக்கும். ஆயினும் வெறுமனே மண்ணை வாரிக் கொட்டினால், முன்போலவே நீர் சுவரைத் தேடி வரும். எனவே முதலில் நீரின் போக்கை அறிதல் வேண்டும்.

இதற்குச் செலவில்லாத கருவி ஒன்று உண்டு, மழையே அது. கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில் பேரன் சாக்கைத் தலைமேற் போர்த்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். நீர் எங்கே நுழைகின்றது, எங்கே விரைகின்றது, எங்கே தேங்குகின்றது என்பனவற்றைக் கண்டு, அவ்விடங்களில் சிறு குச்சிகளை நட்டான். படலின் இடப்பக்கத்தில் தெருநீர் உட்புகுவது அப்பொழுதுதான் தெரிந்தது. வெயிற்காலத்தில் நின்றுகொண்டு பத்துப்பேர் ஆராய்ந்தாலும் இதனைக் கண்டிருக்க இயலாது. தோட்டவேலையைப் பற்றி எழுதுவோர் பலர் மண்வெட்டியிலிருந்தே தொடங்குகின்றனர். மழையில் நனைவதிலிருந்து தொடங்குவோர் அரியர்.

சாலை அமைக்கும் கலையில் புதிய நெறி கண்ட ஜான் லௌடன் மெக்கடம் என்னும் ஸ்காத்லாந்து நாட்டினர் (1756–1836) வற்புறுத்தியதும் இந்நீரைப் பற்றியதே. அவருக்கு முன்னிருந்தோர், பாரத்தைத் தாங்குவது மேலே இடும் பெருங்கல்லே என்று கருதினர். மெக்கடமோ, பாரத்தை உண்மையாகத் தாங்குவது அடியிலுள்ள இயற்கை மண்தான் என்றார். அம்மண் உலர்ந்திருக்கும் வரையில் எப்பாரத்தையும் தாங்கும், நனைந்தால் எக்கல்லை இட்டாலும் அமிழும் என்பது அவர் துணிபு. ஆகவே சாலையைச் சுற்றுத் தரையைவிட உயர்த்தி, பக்கங்களில் வாய்க்கால் வெட்டி, மேலே ஆறு அவுன்சுக்கு மிகாத உடைகற்களைப் பரப்பினார். 1816இல் பிரிஸ்டல் நகர்ச் சாலைகளின் மேற்பார்வை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் அவர் முறை நாடெங்கும் பரவிற்று. கப்பிச் சாலைகள் பலவும் அவர் நெறியைத் தழுவியவை. பெருவழிக்குப் பொருந்தியது சிறுவழிக்கும் பொருந்தும்.

தை அறுவடை முடிந்து மண் உலர்ந்தபின், மாசி மாதத்தில் வேலை தொடங்கிற்று. புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்து நிழலில் ஈரச்சாக்கினால் மூடிவைத்தனர். கற்களின்மேல் இருந்த கருமண் நாங்கூழ் உழுது தந்த நல்லுரம். அஃது அவரைப் பந்தலின் அடிக்குச் சென்றது. கற்கள் முழுதும் வெளிப்பட்டபின், எதனையும் அசைக்கும் முன், பேரன் ஒரு தாளில் வழியைப் படமாக வரைந்தான். பின்னர் ஒவ்வொரு கல்லின்மேலும் சுண்ணாம்பினால் எண் இட்டான். தெருப்பக்கத்தை நோக்கி ஓர் அம்புக்குறியும் இட்டான். மொத்தம் எழுபது கற்கள்.

எண்ணிடுதல் சிறு செயலாகத் தோன்றலாம். எகிப்து நாட்டில் அஸ்வான் பேரணையின் நீர் சூழ்ந்து முழுக இருந்த அபு சிம்பல் குடைவரைக் கோயில்களை 1964 முதல் 1968 வரையில் பெருந்துண்டுகளாக அறுத்து, மேட்டுநிலத்திற்குக் கொண்டு சென்று மீண்டும் பொருத்தினர். அப்பெரும்பணியும் ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டதனாலேயே கைகூடிற்று. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திராவில் உள்ள பழைய வீடுகள் பலவும் தத்தம் ஊர்களிற் பிரிக்கப்பட்டு அங்கே மீண்டும் கட்டப்பட்டவை. ஒழுங்கற்ற வடிவுடைய கற்களைப் பாவியவர், ஒன்றன் வளைவு மற்றொன்றன் குழிவில் அமையுமாறு பல நாள் தேடித் தேடிப் பொருத்தியிருப்பார். எண்ணில்லாமல் பெயர்த்தால் அவருடைய உழைப்பு ஒரே நாளில் கலைந்துவிடும்.

கற்களைப் பெயர்க்கும்போது கருதத்தக்கது வேறொன்றும் உண்டு. ஒவ்வொரு கல்லையும் புரட்டி அதன் அடிப்புறத்தை நீர் விட்டுக் கழுவிப் பார்த்தல் வேண்டும். சவ்வாது மலையில் பெருங்கற்காலத்துக் கற்றிட்டைகள் உள்ளன. மலையடிவாரத்தை அடுத்த செங்கம் வட்டாரமோ நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆநிரை மீட்கும் போரில் உயிர்துறந்த வீரர்க்கு எடுத்த அக்கற்களில், பல்லவர் காலத்து வட்டெழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறை அவற்றைத் திரட்டிச் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக 1972இல் வெளியிட்டது. இத்தகைய கல் அறியாமையால் துவைகல்லாகவும் படிக்கல்லாகவும் ஆகிவிடுதல் உண்டு. எழுத்தோ உருவமோ தென்படின், அக்கல்லை ஒதுக்கிவைத்து வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ அறிவித்தலே முறை. குறைகின்ற கல்லுக்கு ஈடாகக் காட்டிலுள்ள பழங்கற்களைக் கொணர்தலும் தகாது. அவ்வீட்டு எழுபது கற்களில் எழுத்து ஒன்றும் இல்லை. ஆனால் பன்னிரண்டாம் கல்லின் அடியில் துருப்பிடித்த உளி ஒன்று கிடைத்தது. மூதாட்டி அதனை வாங்கி, முந்தானையால் துடைத்து, ஒன்றும் பேசாமல் உள்ளே எடுத்துச் சென்றார்.

அடுத்து மட்டம் பார்க்கும் வேலை. நீர் நிரப்பிய தெளிந்த குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதைக் கொத்தர் யாவரும் அறிவர். அம்முறையால் அளந்தபோது, படலிலிருந்து திண்ணை வரையில் தரை 43 அங்குலம் தாழ்வது தெரிந்தது. அதிலும் படலை அடுத்த ஆறேகால் அடிக்குள்ளேயே 25 அங்குலம் தாழ்ந்தது; எஞ்சிய வழி 22 அங்குலத்திற்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் மெல்லச் சரிந்தது. செங்குத்தான பகுதியில் பழையவர் நான்கு படிகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஆறு அங்குலத்திற்கு மேல் உயரம். சாமை மூட்டையைத் தோளில் சுமந்து ஏறிய இளைஞருக்கு அவ்வுயரம் ஒரு பொருட்டன்று.

இங்கே தந்தைக்கும் மகனுக்கும் கருத்து மாறுபட்டது. உள்ளது உள்ளபடியே நான்கு படிகளை மீண்டும் வைத்தல் வேண்டும் என்றான் பேரன். "உன் தாத்தா வைத்த வழிதான். ஆனால் இன்று அதில் நடப்பவர் ஆயா அல்லவா?" என்றார் தந்தை. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கட்டடக்கலை அறிஞர் பிலாண்டல் என்பவர் படிகளுக்கு ஒரு கணக்கு வகுத்தார். படி ஒன்றின் உயரத்தை இரட்டித்து, அதனோடு கால்வைக்கும் அகலத்தைக் கூட்டினால், மனிதர் இயல்பாக எடுத்துவைக்கும் ஓர் அடியளவுக்குச் சமமாதல் வேண்டும் என்பது அது. இக்காலத்தார் அதனை ஏறத்தாழ 25 அங்குலமாகக் கொள்வர். படியின் உயரம் 5 அங்குலமானால், அகலம் 15 அங்குலம் வேண்டும். அவ்வாறு ஐந்து படிகள் வைத்தால் 25 அங்குல உயரமும் 75 அங்குல நீளமும் ஆகும். அந்நீளம் ஆறேகால் அடியே! இடம் சரியாகப் பொருந்திற்று. பழைய படிக்கற்களே மீண்டும் பயன்பட்டன. ஐந்தாம் படிக்கு மட்டும் வழியிலிருந்த நீண்ட கல் ஒன்று மாற்றி வைக்கப்பட்டது. படிகள் யாவும் ஒரே உயரமாக இருத்தல் இன்றியமையாதது. பெரும்பாலோர் இடறுவது உயர்ந்த படியிலன்று, உயரம் மாறிய படியில்.

வழியின் தரையை ஒன்பது அங்குலம் ஆழமாக வெட்டி, அடிமண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினர். அதன்மேல் மூன்றரை அங்குலம் உடைகல் சல்லி. சல்லியின் இடுக்குகள் நிரம்புமாறு சரளைமண். அதன்மேல் ஒன்றரை அங்குலம் மணல். சரளை இடாமல் மணலைக் கொட்டினால், மழைதோறும் மணல் சல்லிக்குள் இறங்கிவிடும். மேலுள்ள கல் ஆடத் தொடங்கும். மணல் ஆற்றினதாயினும் கல்லுடைத்து ஆக்கியதாயினும் ஆகும். சல்லிப் படுகையின் பயன் இரண்டு. நீரை அடியில் தேங்கவிடாது வடிக்கின்றது. நாங்கூழ் எளிதில் மேலே வரும் வழியையும் அரிதாக்குகின்றது. முற்றும் தடுத்தல் இயலாது. அதற்குத் தேவையும் இல்லை.

கற்களை எண்ணின் வரிசைப்படி இறக்கினர். தட்டையான முகம் மேலாகவும், முரடான முகம் மணலுள் அழுந்துமாறும் வைத்து, மரச்சுத்தியால் தட்டி அமர்த்தினர். ஒவ்வொரு கல்லின் மூலையிலும் ஒரு கால் ஊன்றி நின்று, ஆட்டம் உண்டா என்று பார்த்தனர். ஆடுகின்ற கல்லுக்கு அடியில் சிறு கல்லை ஆப்பாகச் செருகுதல் பலர் செய்யும் பிழை. அஃது ஒரு மழைக்குப்பின் கழன்றுவிடும். கல்லை முழுதும் எடுத்து மணலைத் திருத்தி மீண்டும் வைத்தலே செம்மை. வழியின் அகலம் மூன்றடி. பலாமரப் பக்கமாக முக்கால் அங்குலம் தாழுமாறு கற்கள் அமைந்தன. இச்சாய்வு கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. நீருக்கு மட்டும் தெரியும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் நடந்த கற்களாதலின், சில முகங்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. அவற்றின்மேல் பாசி படிந்தால் நடப்பவர் வீழ்வது உறுதி. அம்மி தேய்ந்தால் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். அம்மி கொத்துவோர் தெருத்தெருவாகக் கூவி வந்த காலமும் இருந்தது. அவ்வழக்கமே இங்கும் கைகொடுத்தது. தேய்ந்த கற்களின்மேல் அரை அங்குல இடைவெளியில் மெல்லிய கொத்துகள் இட்டனர். நிழல் மிகுந்த இடத்தில் பலாவின் தாழ்ந்த கிளை ஒன்றைக் கழித்து வெயில் விழச் செய்தனர். வேரை அவர்கள் தொடவில்லை. கையளவு பருத்த வேர் ஒன்று வழியின் ஓரத்தை மேலே தூக்கியிருந்தது. அதனை வெட்டினால் மரம் காற்றில் சாயும். ஆகவே அவ்விடத்தில் பெருங்கல்லை நீக்கிச் சிறு கற்களை இட்டு, வழியை ஒரு சாண் விலக்கி வளைத்தனர்.

சிமெண்டைப் பற்றிய பேச்சு மீண்டும் எழாமல் இல்லை. இடுக்குகளையேனும் சிமெண்டால் பூசலாம் என்றார் உறவினர் ஒருவர். சிமெண்டு தீயதன்று, அணைக்கும் பாலத்துக்கும் அது வேண்டும். ஆனால் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் மண்ணின்மேல், வேர் நெளியும் இடத்தில், அது தகடுபோல் விறைத்து நிற்கும். மண் அசைந்தால் பிளக்கும். இடுக்குகளில் நீர் இறங்க வழியின்றி, பெய்த மழை முழுவதும் மேலோடி மண்சுவரையே நாடும். மணல் நிரம்பிய இடுக்கோ ஒரு பகுதி நீரை உண்ணும். கல் தாழ்ந்தால் ஒரு கல்லை மட்டும் எடுத்துத் திருத்தலாம். ஆதலின் படிகளின் மூட்டுகளில் மட்டும் சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டது. ஏனைய இடுக்குகளில் மணலும் பொடிச்சரளையும் கலந்து, துடைப்பத்தால் தள்ளி நிரப்பினர்.

இறுதியாக, திண்ணைக்கு ஐந்தடி முன்னே, வழியின் குறுக்காக ஒரு சிறு வாய்க்கால். ஒரு சாண் அகலம், நான்கு விரல் ஆழம். அடியிலும் பக்கங்களிலும் கல். மலைவழிகளில் நீர் வழியை அறுத்துக்கொண்டு ஓடாதபடி சாய்வாகக் கல்வரி பதிப்பதுண்டு; அதனைப் பார்த்துச் செய்ததே இது. வாய்க்கால் பலாவின் அடியிலிருந்த பாத்தியிற் சென்று முடிந்தது. படலின் இடப்பக்கத்தில் தெருநீர் நுழைந்த இடத்தில் மண்ணை உயர்த்தி, எடுத்துவைத்த புல்லை அதன்மேல் பதித்தனர். சுவரின் அடிப்பூச்சை அன்று திருத்தவில்லை. ஈரம் முற்றும் உலர்ந்தபின் பூசுவதே நிலைக்கும் என்று பங்குனி முடியும் வரையில் காத்திருந்தனர்.

சித்திரை மாதத்தில் ஒரு மாலை இடி இடித்துக் கோடைமழை கொட்டிற்று. வீட்டார் அனைவரும் திண்ணையில் நின்று நோக்கினர். படிகளில் இறங்கிய நீர் கற்களின்மேல் ஓரமாக ஒதுங்கிற்று. ஒரு பகுதி இடுக்குகளில் மறைந்தது. எஞ்சியது குறுக்கு வாய்க்காலில் விழுந்து பலாவை நோக்கி ஓடிற்று. சுவரின் அடி உலர்ந்தே இருந்தது. மழை விட்டதும் மூதாட்டி எழுந்தார். பேரன் கை நீட்டினான், அவர் பற்றவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் படல் வரையில் சென்று, ஐந்து படிகளையும் ஏறி, தெருவில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நாற்பத்தொன்றாம் கல் ஆடுகின்றது, கண்ணு" என்றார், திரும்பி வந்து.

மறுநாட் காலையில் பேரன் அக்கல்லை நெம்பி எடுத்து, ஒரு கைப்பிடி மணல் இட்டு, மீண்டும் தட்டி வைத்தான்.